களிமண்ணில் நாய்க்கான செயற்கைப் புல்: எந்தக் கோளாறுக்கு எங்கே கை வைப்பது

புதுச்சேரியை அடுத்த பாகூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் மனை முன்பு நெல் விளைந்த நிலம். 2023 கோடையில் வீட்டுக்குப் பின்னால் 20 அடிக்கு 12 அடி இடத்தில் செயற்கைப் புல் விரித்தோம். வீட்டில் இரண்டு நாய்கள். ராணி முப்பது கிலோ லாப்ரடார். மணி தெருவிலிருந்து தானாக வந்து சேர்ந்த நாட்டு நாய். ஐப்பசி பிறந்தால் இரண்டும் சேற்றுக் காலோடு கூடத்துக்குள் ஓடிவரும். அதைத் தடுக்கத்தான் புல். போட்டுக் கொடுத்தவர் செம்மண் கிராவல் கொட்டி, திமிசு போட்டு இறுக்கி, "சார், கல்லு மாதிரி நிக்கும்" என்றார். நின்றது. மழை வந்ததும் அதன் மேல் தண்ணீரும் நின்றது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 46 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அந்த மழைக்கு எந்தப் புல்லையும் குறை சொல்ல முடியாது. ஆனால் தெருவெல்லாம் காய்ந்த பிறகும் எங்கள் புல் மட்டும் இரண்டு வாரம் சதசத என்று இருந்தது. ஒரு மூலையில் ஆணியைப் பிடுங்கித் தூக்கிப் பார்த்தேன். இட்லி மாவு பதத்தில் சாம்பல் நிறச் சேறு. அழுகிய முட்டையும் மூத்திரமும் கலந்த வாடை கண்ணைக் கரித்தது. மதில் அந்தப் பக்கம் நின்ற ஆயா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏன் தம்பி, சேறடிச்சு, வரப்பு கட்டி, தண்ணி நிறுத்தின எடம் இது. அது வுடுமா தண்ணிய?"

அதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. நெல் வயலில் தண்ணீரைக் கட்டி உழுவதே மண்ணின் துளைகளை அடைக்கத்தான். வருடக்கணக்கில் அப்படி உழுத இடத்தில் முக்கால் அடி ஆழத்துக்குள் கெட்டியான ஓர் அடுக்கு உட்கார்ந்துவிடும். பாகூர், வில்லியனூர், சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கம் வயலை மனையாக்கிய இடங்களில் இதுதான் கதை. லாஸ்பேட்டை மேட்டுச் செம்மண்ணிலோ, பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக்காட்டு மண்ணிலோ புல் போட்டவர் சொல்லும் யோசனை இங்கே எடுபடாது. அங்கே தண்ணீர் கீழே இறங்கும். களிமண்ணில் அது பக்கவாட்டில்தான் வெளியேற வேண்டும், அந்தப் பக்கத்து வழியை நாம்தான் போட வேண்டும். கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒன்றிலிருந்தே கிளம்புகின்றன. அதனால் எது நடந்தாலும் கடைக்குப் போகும் முன் ஒரு மூலையைத் தூக்கி அடியைப் பாருங்கள்.

மழை விட்டு மறுநாளும் தண்ணீர் நிற்கிறது

முதலில் தண்ணீர் எந்த அடுக்கில் மாட்டுகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். மழையில்லாத ஒரு நாளில், ஒரு வாளித் தண்ணீரை ஒரே இடத்தில் மெதுவாக ஊற்றுங்கள்.

தண்ணீர் புல்லின் மேலேயே பரவி ஓடினால் அடைப்பு புல்லின் முதுகில் இருக்கிறது. சாதாரண ரகப் புல்லின் அடியில் ரப்பர் பால் பூச்சும், ஒரு சாண் இடைவெளிக்குள் பென்சில் பருமனுக்கு ஓட்டைகளும் இருக்கும். நாய் முடியும், மணலும், முருங்கை இலையும் அந்த ஓட்டைகளில் போய் அப்பிக்கொள்ளும். எங்கள் வீட்டில் குற்றவாளி முருங்கைதான். அந்தப் பொடி இலை துடைப்பத்துக்கும் சிக்காது, காற்றுக்கும் போகாது. கெட்டியான நைலான் துடைப்பத்தால் புல்லின் சாய்வுக்கு எதிராகப் பெருக்கி எடுத்து, மூலையைத் தூக்கி அடியிலிருந்து குழாய்த் தண்ணீரைப் பீச்சினால் பெரும்பாலும் திறந்துவிடும். இணைப்புப் பசை வழிந்து ஓட்டைகளை மூடியிருப்பதும் உண்டு. அப்படியானால் பழைய சால்டரிங் அயர்னைச் சூடாக்கி அதே இடத்தில் துளை போடலாம். புகை வரும், மூக்கை மூடிக்கொள்ளுங்கள்.

தண்ணீர் சட்டென்று உள்ளே போய், இரண்டாவது மூன்றாவது வாளியில் திரும்ப மேலே ததும்பினால் அடிப்படுகை நிரம்பிவிட்டது என்று பொருள். இதற்கு இரண்டு காரணங்கள். படுகையே தண்ணீர் விடாத பொருளாக இருக்கலாம், அல்லது படுகை நல்லதாக இருந்தும் வெளியேற வாய் இல்லாமல் இருக்கலாம். மூலையில் கையைவிட்டு ஒரு பிடி எடுங்கள். உள்ளங்கையில் செம்மண் கறை ஒட்டினால் அது கிராவல். சாம்பல் மாவாக ஒட்டினால் ஜல்லித் துகள், கிரஷர் டஸ்ட் என்பார்கள். இரண்டுமே ரோட்டுக்கும் தரைக்கும் நல்ல பொருள்கள், இறுக்கினால் அசையாது. தண்ணீரையும் அசையவிடாது. கையில் ஒட்டாத தனித்தனி ஜல்லி வந்தால், படுகையில் குற்றமில்லை, வாயைத் தேடுங்கள்.

இங்கே ஒரு சின்னக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 240 சதுர அடியில் ஒரு செ.மீ. மழை பெய்தால் ஏறக்குறைய 220 லிட்டர். நான்கு அங்குலச் சுத்தமான ஜல்லிப் படுகையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் காலி இடம், அதாவது 800 லிட்டர். மூன்றரை செ.மீ. மழையோடு படுகை நிரம்பிவிடுகிறது. அது கீழே இறங்கட்டும் என்று விட்டால், களிமண் மணிக்கு 1 முதல் 5 மி.மீ. வரைதான் உறிஞ்சும். 2 மி.மீ. என்று வைத்தாலும் அந்த 800 லிட்டர் இறங்கப் பதினெட்டு மணி நேரம் ஆகும். கார்த்திகையில் பதினெட்டு மணி நேரம் தொடர்ந்து மழை விடுமா? விடாது. அதனால்தான் வாய் இல்லாத ஜல்லிப் படுகை களிமண்ணில் மூடி போட்ட தொட்டியாகிவிடுகிறது. எவ்வளவு ஆழமாகத் தோண்டினோமோ அவ்வளவு பெரிய தொட்டி.

வாய் இல்லையென்றால் முழுப் புல்லையும் பிரிக்க வேண்டாம். தாழ்வான ஓரத்தில் மட்டும் இரண்டடி அகலத்துக்குப் புல்லை மடித்துவைத்து, ஓரடி ஆழம் முக்கால் அடி அகலத்தில் வாய்க்கால் வெட்டி, துளையிட்ட நான்கு அங்குல பி.வி.சி. பைப்பை, தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோ டெக்ஸ்டைல் துணி சுற்றி வைத்து, ஜல்லியால் மூடுங்கள். பைப்புக்கு நூற்றுக்கு ஒன்று வாட்டம் போதும். பைப்பின் மறுமுனை எங்கே போகிறது என்பதுதான் தலைவலி. எங்கள் பக்கம் ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் வீடு அரை அடி பள்ளமாகிறது. தெருச் சாக்கடை நம் தோட்டத்தைவிட மேலே இருந்தால் தண்ணீர் தானாகப் போகாது. அந்த வீடுகளுக்கு மூன்றடி ஆழத் தொட்டி ஒன்று கட்டி, மிதவை சுவிட்ச் வைத்த சிறு மோட்டார் போட வேண்டியிருக்கும்.

மழைநீர்ச் சேகரிப்புக் குழியில் மட்டும் இந்த பைப்பை விடாதீர்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் அது கட்டாயம் என்பதால் கடலூர்ப் பக்கம் பல வீட்டில் குழி தயாராக இருக்கும், கொத்தனாரும் "அதுலயே வுட்டுடலாம்" என்பார். நாய் மூத்திரம் கலந்த தண்ணீர் நேரே உங்கள் போர் தண்ணீருக்கு வழி தேடும்.

வெயில் ஏறினால் மூத்திர வாடை

கிலோவுக்கு 20 முதல் 40 மில்லி என்பது ஆரோக்கியமான நாய் ஒரு நாளில் கழிக்கும் மூத்திர அளவு. ராணி ஒருத்தி மட்டும் மாதத்துக்கு ஒன்றிரண்டு பெரிய வாளி நிறைய அந்தப் புல்லில் விடுகிறாள். மூத்திரத்தில் உள்ள யூரியாவைப் பாக்டீரியா அம்மோனியாவாக உடைக்கும். சூடும் ஈரக்காற்றும் சேர்ந்தால் அது இன்னும் வேகமாக நடக்கும், நமக்கோ கடற்கரை. மாசியிலிருந்து ஆடி வரை கழுவிவிட நல்ல மழை கிடையாது. அதனால் வாடை கோடையில் ஏறுவது இயல்பு. எந்த நேரத்தில் வருகிறது என்று கவனித்தால் இடம் பிடிபடும்.

உச்சி வெயிலில் மட்டும் மூக்கைக் குத்தி, தண்ணீர் தெளித்ததும் அடங்கினால் வாடை புல்லிழையிலும் மேல் மணலிலும் இருக்கிறது. தினம் ஒரு முறை நாய் போகும் இடத்தில் ஒரு வாளித் தண்ணீர், வாரம் ஒரு முறை என்சைம் கலந்த செல்லப்பிராணி கிளீனர், அவ்வளவுதான். என்சைம் மருந்தைத் தெளித்ததும் கழுவக் கூடாது. சாயங்காலம் தெளித்து, கால் மணி நேரமாவது ஈரமாக விட வேண்டும். வெள்ளை வினிகர் ஒரு பங்குக்குத் தண்ணீர் மூன்று பங்கு கலந்து தெளித்தாலும் அம்மோனியா உடனே அடங்கும். ஆனால் அது விருந்தாளி வரும் நாளுக்கான வைத்தியம்தான், பாக்டீரியா அங்கேயே இருக்கிறது.

பிளீச்சிங் பவுடர் தூவாதீர்கள். நம் ஊரில் எந்த நாற்றத்துக்கும் முதலில் கை போவது அதற்குத்தான். அம்மோனியாவோடு சேர்ந்தால் குளோரமின் என்ற நச்சு வாயு வரும், நாயின் மூக்கு நம் மூக்கைவிடத் தரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பினாயிலும் வேண்டாம். கால் நக்கும் பிராணிக்கு அது விஷம், வீட்டில் பூனை இருந்தால் இன்னும் மோசம்.

கழுவியும் போகாமல், காலை இளவெயிலிலேயே கனமாக எழும் வாடை அடியிலிருந்து வருகிறது. மழை விட்ட முதல் வெயிலில் அழுகிய முட்டை போல வந்தால் சந்தேகமே இல்லை, காற்றில்லாமல் தேங்கிய சேறு அது. எந்த பாட்டிலும் இதைத் தீர்க்காது. முந்தைய பகுதிக்குத் திரும்பிப் போய் வாயைச் சரிசெய்யுங்கள். நான் நான்கு மாதம் விதவிதமாக பாட்டில் வாங்கிய பிறகுதான் இதை ஒப்புக்கொண்டேன்.

புல்லுக்கு நடுவே தூவியிருக்கும் நிரப்பு மணலையும் பாருங்கள். சாதாரண ஆற்று மணலோ எம் சாண்டோ போட்டிருந்தால் அது மூத்திரத்தை அப்படியே பிடித்து வைக்கும். அதைத் துடைப்பத்தால் வாரி எடுத்துவிட்டு ஜியோலைட் என்ற கனிமக் குறுணையைச் சதுர அடிக்கு அரைக் கிலோ அளவில் தூவலாம். ஜியோலைட் அம்மோனியத்தைத் தன்னோடு பிடித்துக்கொண்டு சோடியம் போன்ற உப்பை விடும். நிறைந்துபோன ஜியோலைட்டை உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் திரும்ப உயிர் வரும் என்பது உண்மைதான். ஆனால் அந்த உப்புத் தண்ணீரைப் புல்லின் மேலேயே ஊற்றும் யோசனை களிமண்ணுக்கு ஆகாது. சோடியம் ஏறினால் களிமண் கட்டு விட்டு மாவாகக் கரைந்து, இருக்கிற கொஞ்சநஞ்சத் துளையும் அடைபடும். வாரி எடுத்துத் தொட்டியில் ஊறவைத்து, அலசி, காயவைத்துப் போடுங்கள். சோம்பலாக இருந்தால் புதிதாக வாங்குங்கள். நான் அதைத்தான் செய்கிறேன்.

நடந்தால் மேடு பள்ளம்

கோடையில் பள்ளம் விழுந்து, மழையில் தானாக எழும்பிச் சமமானால் அது களிமண் சுருங்கி விரிகிற விளையாட்டு. சித்திரையில் வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே வேலை புல்லுக்கடியிலும் நடக்கிறது. படுகைக்கும் களிக்கும் நடுவே துணி இல்லையென்றால் ஒவ்வொரு மழைக்கும் ஜல்லி கொஞ்சம் கொஞ்சமாகச் சேற்றுக்குள் அமிழும், சேறு ஜல்லிக்குள் ஏறும். ஜியோ டெக்ஸ்டைல் செய்வது இட்லித் துணியின் வேலை: ஆவியை விடும், மாவைப் பிடிக்கும். சிலர் துணிக்குப் பதில் கறுப்புப் பாலித்தீன் தாளை விரித்துவிடுகிறார்கள். களை வராது என்று கணக்கு. தண்ணீரும் போகாது.

ஒரே இடத்தில் மட்டும், வருடம் முழுக்க பள்ளமாகவே இருந்தால் அங்கே பழைய குழி மூடியிருக்கலாம். வீடு கட்டும்போது சுண்ணாம்பு கரைத்த குழி, செங்கல் உடைசல் புதைத்த இடம், அப்படி ஏதாவது. அந்த இடத்தில் மட்டும் புல்லைத் தூக்கி, கால் அங்குல சிப்ஸ் என்ற பொடி ஜல்லி போட்டு, ஆறடிப் பலகையும் ரசமட்டமும் வைத்துச் சமன்செய்து மூடினால் போதும். மணல் போட்டு நிரப்பாதீர்கள், அடுத்த மழையில் அது ஜல்லிக்குள் வடிந்துவிடும்.

மழைக்காலத்தில் புல் போட்டு, மறு கோடையில் முழுதுமே ஏறி இறங்கியிருந்தால், ஈரக் களியைத் திமிசு போட்டிருக்கிறார்கள். ஈரக் களியை அடித்தால் இறுகாது, அடிபட்ட இடம் அமுங்கிப் பக்கத்து இடம் எழும்பும். அந்தப் பள்ளங்கள் எல்லாம் தண்ணீர்க் கிண்ணங்கள். இதற்கு ஒட்டுவேலை கிடையாது. மாசி, பங்குனி வரை பொறுத்துப் பிரித்துப் போட வேண்டியதுதான்.

ஓரம் எழும்புகிறது, நாய் கவ்வி இழுக்கிறது

ஓரத்தில் ஆணியை இரண்டு விரலால் பிடித்து இழுத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் முறுக்கு அச்சிலிருந்து வருவது போல வழுக்கிக்கொண்டு வந்தது. களிமண் காய்ந்து ஆணியைச் சுற்றி இடைவெளி விட்டிருந்தது, அந்த இடைவெளியில் மழை இறங்கி, ஆணி பாதி துருவாகியிருந்தது. உப்புக் காற்றும் மூத்திரமும் சேர்ந்தால் சாதாரண இரும்பாணி இரண்டு மழைக்காலம் தாங்காது. மணி அந்த ஓரத்தைக் கண்டுபிடிக்க எடுத்துக்கொண்ட நேரம் ஒரு மத்தியானம்.

ஆணியை மட்டும் நம்பாமல் சுற்றிலும் ஒரு விளிம்பு கட்டுங்கள். செங்கல் ஒற்றை வரிசையோ, சிமெண்ட் கர்ப் கல்லோ போதும், தாழ்வான பக்கத்தில் தண்ணீர் வெளியேற இடைவெளி விட்டுக் கட்ட வேண்டும். வெளிநாட்டு விளக்கப் படங்களில் மரச்சட்டம் வைத்து அதில் ஆணி அடிப்பார்கள். இங்கே கரையான் ஒரு வருடத்தில் அதைக் கூடாக்கிவிடும். விளிம்புக்கு உட்புறம், ஜல்லிக்குள் இறங்கும்படி ஆறு அங்குலத் துருப்பிடிக்காத ஆணிகளை அரை அடிக்கு ஒன்று அடியுங்கள். விடாமல் தோண்டும் நாய் என்றால் ஓரத்தில் ஓரடி அகலத்துக்கு, புல்லுக்கடியில் கோழிக்கூட்டு வலையை விரித்துப் புல்லோடு சேர்த்து ஆணியடிக்கலாம். வலையின் வெட்டுமுனை மேலே வராமல் மடித்துவிடுங்கள், நகத்தில் மாட்டினால் ரத்தம் வரும்.

நாய் ஏன் அங்கேயே தோண்டுகிறது என்பதையும் பாருங்கள். அடியில் எலி வளை இருந்தால் எத்தனை ஆணி அடித்தும் பலனில்லை. எலி என்றால் எலிக்காய்ச்சல் நினைவுக்கு வர வேண்டும். எலி மூத்திரம் கலந்த தேங்கிய தண்ணீரை நக்கினால் நாய்க்கும் வரும், நாயிடமிருந்து நமக்கும் வரலாம். வருடாந்தரத் தடுப்பூசியில் அதுவும் இருக்கிறதா என்று கால்நடை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இணைப்புக் கோடு தெரிகிறது

இங்கே கிடைக்கும் சுருள் பெரும்பாலும் இரண்டு மீட்டர் அகலம், அதனால் இணைப்பு தவிர்க்க முடியாது. கோட்டின் இரு பக்கமும் நிறம் வேறாகத் தெரிந்தால் ஒரு துண்டைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள், புல்லிழை எல்லாம் ஒரே திசையில் சாய வேண்டும். வரப்பு மாதிரி எழும்பியிருந்தால் ஓரத்து இரண்டு மூன்று வரிசைத் தையலை வெட்டாமல் ஒட்டியிருக்கிறார்கள். பிளேடால் வெட்டி, புது நாடாவும் பசையும் வைத்து, ஒரு நாள் முழுக்க மணல் மூட்டையை ஏற்றி வையுங்கள். காற்றில் ஈரம் அதிகமுள்ள நாளில் அடிப்பக்கம் காயாமல் ஒட்டினால் திரும்பவும் விடும்.

கால் வைக்க முடியாத சூடு

கத்திரி வெயிலில் செயற்கைப் புல் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். புறங்கையை வைத்து ஏழு வரை எண்ணுங்கள். எண்ண முடியவில்லையென்றால் நாயை விடாதீர்கள், பாதத்தோல் வெந்துவிடும். தண்ணீர் தெளித்தால் கொஞ்ச நேரத்துக்குத் தணியும், அரை மணியில் திரும்ப ஏறும். நிழல் ஒன்றே தீர்வு. பச்சை நிழல் வலையை எட்டடி உயரத்தில், மேற்கு வெயிலை மறைக்கிற மாதிரி கட்டுங்கள். ஐப்பசியில் அவிழ்த்து வைக்க மறக்காதீர்கள், புயல் காற்றில் அது பாய்மரம்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் புல் கருகிச் சுருண்டிருந்தால் நாயைத் திட்டாதீர்கள். எதிர் ஜன்னல் கண்ணாடியோ, மாடிப்படியின் ஸ்டீல் கைப்பிடியோ வெயிலை அங்கே குவிக்கிறது. மத்தியானம் போய் நின்றால் வெளிச்சக் கோடு தெரியும். ஜன்னலுக்கு வெளியே ஒரு பாய் தொங்கவிட்டு, கருகிய துண்டை வெட்டி, மிச்சம் வைத்த புல்லில் ஒட்டுப் போட வேண்டும். மிச்சப் புல்லை யாராவது கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.

புல்லுக்குள் புல் முளைக்கிறது

முளைப்பது மேலே விழுந்த விதையா, கீழிருந்து வருவதா என்று இழுத்துப் பாருங்கள். வேரோடு லேசாக வந்தால் மேல் மணலில் முளைத்தது, அதை மறந்துவிடலாம். இழுத்ததும் அறுந்து, முக்கோணத் தண்டு கையில் நின்றால் அது கோரை. கோரைக்கு இந்தத் துணியெல்லாம் ஒரு தடையே இல்லை, ஊசி மாதிரி குத்திக்கொண்டு வரும். வயல் மனையில் கிழங்கு ஓரடி ஆழம் வரை சங்கிலியாகக் கிடக்கும். புல் போடும் முன்பே மண்ணைக் கொத்தி, கிழங்கைப் பொறுக்கி, இரண்டு வாரம் தண்ணீர் விட்டு மிச்சத்தை முளைக்கவைத்து, அதையும் எடுக்க வேண்டும். போட்ட பிறகு என்றால், வாரம் தவறாமல் அறுத்துக்கொண்டே இருங்கள், பச்சை இல்லாமல் கிழங்கு மெல்ல வற்றும். பொறுமைக்குப் பரீட்சைதான். களைக்கொல்லி அடித்துவிட்டு மறுநாள் நாயை விடுகிற வேலை வேண்டாம்.

நாய் அதில் போக மாட்டேன் என்கிறது

ராணி முதல் வாரம் புல்லைச் சுற்றிவந்து மதில் ஓரத்து மண்ணில்தான் போனாள். அவளுடைய மூத்திரம் பட்ட பழைய துணியைப் புல்லின் ஒரு மூலையில் போட்டு, காலையில் முதல் வேலையாகக் கயிறு கட்டி அங்கேயே நிற்கவைத்தோம். மூன்றாம் நாள் புரிந்துகொண்டாள். பழகிய நாய் திடீரென்று மறுத்தால் சூடு, ஈரம், எறும்பு இந்த மூன்றையும் பாருங்கள். படுகை ஈரமாகவே இருந்தால் மழைக்காலத்தில் சித்தெறும்பு முட்டையோடு விளிம்புக்கு ஏறிவரும்.

பிரித்துப் போடுவதென்றால்

கிராவல் படுகை, துணி இல்லாமை, வாய் இல்லாமை, இந்த மூன்றில் இரண்டு இருந்தால் ஒட்டுவேலையை நிறுத்துங்கள். நான் 2025 பங்குனியில் பிரித்தேன். புல் நன்றாகத்தான் இருந்தது. அதையே கழுவிக் காயவைத்துத் திரும்பப் பயன்படுத்தினேன்.

இந்த முறை தோண்டவில்லை. கிராவலை வாரி எடுத்ததும் களி தெரிந்தது, அதை வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கம் பன்னிரண்டு அடிக்கு மூன்று அங்குலம் சரிவாக மட்டும் செதுக்கினோம். கொத்தனார் அண்ணன் டியூபில் தண்ணீர் விட்டு மட்டம் பார்த்துப் பார்த்துக் கோடு போட்டார். களியே சரிந்திருக்க வேண்டும் என்பதுதான் விஷயம். ஜல்லியை மட்டும் சரிவாகப் பரப்பிவிட்டு அடியில் களியைச் சமமாக விட்டால் தண்ணீர் அங்கேயே தூங்கும். மணலைக் களியோடு கொத்திக் கலந்தால் வடியும் என்று சொன்னார்கள். கொஞ்சம் மணல் கலந்த களி செங்கல் சூளைக்குத்தான் உதவும். ஜிப்சமும் உப்பு ஏறிய களிக்கு மட்டும் பலன் தரும், மற்றதற்கு வீண்.

களியின் மேல் ஊசிக்குத்து ரகமான, நெய்யாத ஜியோ டெக்ஸ்டைல். அதன் மேல் முக்கால் அங்குல ஜல்லி மூன்று அங்குல உயரம், அதற்கு மேல் சிப்ஸ் ஓர் அங்குலம். வாய்க்காலுக்கும் சேர்த்து முக்கால் யூனிட் ஜல்லி, கால் யூனிட் சிப்ஸ் ஆனது, யூனிட் என்பது இங்கே நூறு கன அடி. டிராக்டர்காரர் பாதி டஸ்ட் கலந்த ஜல்லியைக் கொண்டுவந்தால் இறக்கவிடாதீர்கள். இறக்கிய பிறகு பேச்சு எடுபடாது. ஒரு பாண்டு ஜல்லியில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் பால் மாதிரி கலங்கினால் திருப்பி அனுப்புங்கள். எங்களுக்கு வந்த முதல் லோடு மோர் மாதிரி இருந்தது.

தோண்டாமல் மேலே ஏற்றுவதில் ஒரு எச்சரிக்கை உண்டு. புல்லின் மட்டம் வீட்டுத் தரை மட்டத்துக்கு அரை அடியாவது கீழே இருக்க வேண்டும். இல்லையென்றால் சுவரில் ஓதம் ஏறும்.

வேலை முடிந்ததும் மழைக்குக் காத்திருக்காமல் நாங்களே சோதித்தோம். தெருப்பக்கம் பைப் வாயில் ஒருவர் நிற்க, நான் சுவர் ஓரத்தில் பத்து வாளித் தண்ணீரை அடுத்தடுத்து ஊற்றினேன். நான்காவது வாளியில் "வருது சார்" என்று சத்தம் கேட்டது. முதலில் கலங்கலாக, பிறகு தெளிவாக. மணி ஓடிப்போய் அந்த வாயில் மூக்கை வைத்துப் பார்த்தான். அதைப் பார்த்த பிறகுதான் எலி உள்ளே போகாமலிருக்க அந்த வாயில் கம்பி வலை கட்டினோம். மாதம் ஒரு முறை அதை அவிழ்த்து, சேர்ந்திருக்கும் முடியையும் இலையையும் எடுத்துவிட்டுத் திரும்பக் கட்ட வேண்டும்.